சைக்கிள் பம்பில் ஒரு ஒய்.பி.

மாடல் எஞ்சின் செய்கிறவனுக்கு இன்றைக்குக் கிடைக்காத பொருள் என்று எதுவும் இல்லை, எஞ்சினைத் தவிர. கால் மில்லிமீட்டர் கனத்தில் பித்தளைத் தகடு வேண்டுமா, வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கட்டைவிரல் நகத்தளவு மோட்டார், அதற்குப் பொருந்தும் வார்ம் கியர், முடியை விட மெல்லிய கம்பி, தலைவலி வராத சாலிடர், எல்லாம் உண்டு. போனில் ஒரு தட்டு தட்டினால் போதும். விலையைக் கேட்டால்தான் தலைவலி.

எழுபதுகளில் விழுப்புரத்தில் நிலைமை நேர்தலைகீழ். எஞ்சின் இருந்தது. வேறொன்றும் இல்லை.

அந்தக் காலத்து விழுப்புரத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது மீட்டர்கேஜின் பெரிய சந்திப்பு. செங்கல்பட்டு, காட்பாடி, புதுச்சேரி, கடலூர், விருத்தாசலம் என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரியும். எழும்பூரிலிருந்து மின்சார எஞ்சின் இழுத்துவரும் வண்டி இங்கே வந்து நிற்கும். தலைக்கு மேலே ஓடிவந்த கம்பி இத்துடன் சரி. எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலையோ கரி எஞ்சினையோ மாட்டித்தான் தெற்கே அனுப்புவார்கள். மரியாதைப்பட்ட எக்ஸ்பிரஸ்களுக்கு டீசல். ஊர் ஊராக நின்றுபோகும் பாசஞ்சர்களுக்குக் கரி. அந்தக் கரி எஞ்சின்களில் பாதிக்கு மேல் ஒய்.பி. என்ற வகை.

ஒய்.பி.யை நான் அழகி என்றுதான் சொல்வேன். எதிர்க்கருத்து உள்ளவர்கள் பிராட்கேஜ்காரர்கள். அவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு மூக்கு வைத்த டபிள்யூ.பி.தான் தெய்வம். ஒய்.பி.க்கு அப்படி மூக்கெல்லாம் கிடையாது. முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் ரெண்டு. உயரத்தில் ஓடும் ஒரு நடைபலகை. அதன் கீழே ஒளிவுமறைவே இல்லாமல் அசையும் ராடுகள். முதல் இருபது அமெரிக்காவில் பால்ட்வின் கம்பெனி செய்து 1949-இல் வந்தவை. பிறகு ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ், ஜெர்மனியின் கிராஸ் மஃபை, கடைசியாக ஜாம்ஷெட்பூரில் நம்முடைய டெல்கோ. மொத்தம் 871. டெல்கோ 1970-இல் ஒய்.பி. செய்வதை நிறுத்திக்கொண்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்கட்டில் நான் தொடங்கினேன்.

முதலில் அளவு எடுக்க வேண்டுமல்லவா? அப்பா பார்சல் ஆபீசில் கிளார்க். அந்த உறவில் எஞ்சின் ஷெட்டுக்குள் நுழைய எனக்கு அனுமதி உண்டு. அதாவது யாரும் விரட்டமாட்டார்கள். கேமரா கொண்டுபோக முடியாது. ரயில் சம்பந்தப்பட்ட எதையும் அனுமதியில்லாமல் படம் எடுக்கக்கூடாது என்று போர்டு தொங்கிய காலம். தவிர, எங்கள் வீட்டில் கேமராவும் இல்லை. ஆகவே அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய சக்கரத்தின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சார்ஜ்மேன் குரல்.

“என்னடா தம்பி பண்றே?”

“அளவெடுக்கறேன் சார்.”

“ஜாக்கெட் தைக்கப் போறியா?”

ஷெட்டே சிரித்தது. அங்கே வேலை பார்த்த ஃபிட்டர் மாமா ஒருவர் மட்டும் சிரிக்காமல் அருகே வந்து, டேப்பின் மறுமுனையைச் சக்கரத்தின் விளிம்பில் பிடித்துக்கொண்டார். 54 அங்குலம். பதிவேட்டில் போட்டிருந்ததைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன், அதே 54. விஷயம் இன்னதென்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

“அசல் இங்கே குத்துக்கல்லாட்டம் நிக்கிது. இதைக் கழுவி, தொடைச்சி, கிரீஸ் வச்சே எங்க உசுரு போவுது. நீ தகரத்துல இன்னொண்ணு செய்யப் போறியா? அதுக்கும் நான்தான் வந்து கிரீஸ் வைக்கணுமா?”

அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. இருபதடி தூரத்தில் அசல் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும்போது நகல் எதற்கு? அந்த ஊரில் என்னைத் தவிர எவனுக்கும் அப்படி ஒரு ஆசை வந்ததாகத் தெரியவில்லை. ஷெட்டில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் டாக்டர், கலெக்டர், குறைந்தபட்சம் பேங்க் ஆபீசர் ஆகப் படித்துக்கொண்டிருந்தார்கள். கரி எஞ்சின் என்பது அப்பாவின் சட்டையில் படியும் அழுக்கு. அதை யாராவது பொம்மை செய்து அலமாரியில் வைப்பார்களா?

வரைபடத்துக்கும் பஞ்சமில்லை, அது வேறு கதை. எஞ்சின் பாகங்களின் புளூபிரிண்ட்டுகள், கெட்டியான நீலத்தாள், வெள்ளைக் கோடுகள். பழசாகிக் கழிந்தவை குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு வந்துசேரும். அலமாரித் தட்டில் விரிக்க, டிரங்குப் பெட்டியின் அடியில் போட, ஜூன் மாதம் வந்தால் எங்கள் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட. என் ஏழாம் வகுப்பு பூகோள நோட்டுக்கு ஒரு சிலிண்டரின் குறுக்குவெட்டுத் தோற்றம் அட்டையாக இருந்தது. கணக்கு நோட்டுக்கு ஏதோ ஒரு பிரேக் அமைப்பு. வருஷக் கடைசியில் எல்லாம் எடைக்குப் போயின.

பற்றவைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ரயில்வேக்காரர் இல்லை. தெருவில் “பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்” என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவாரே, அவர். மண்ணில் சின்னக் குழி தோண்டி, துருத்தி வைத்து, கரியை மூட்டி, பித்தளைத் தவலையைப் பழுக்கக் காய்ச்சுவார். நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். ஈயக்குச்சியை ஒரு தொடு தொட்டு, பஞ்சால் ஒரே சுழற்று. தவலையின் உள்பக்கம் வெள்ளியாகிவிடும். அழுக்கு இருந்தால் ஈயம் ஒட்டாது, சூடு குறைந்தால் ஓடாது என்ற இரண்டே விதியை அவர் சொன்னார். பின்னாளில் நான் படித்த தடித்த ஆங்கிலப் புத்தகங்களிலும் அந்த இரண்டு விதிக்கு மேல் எதுவும் இல்லை. பக்கங்கள்தான் அதிகம்.

தகரத்துக்குத் தகரம் ஒட்ட நவச்சாரம் போதவில்லை. லேத் பட்டறையில் ஒருவர் வேறு வழி சொன்னார். தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்தால் வெளிக்கூடு துத்தநாகம். அதைத் துண்டு துண்டாக வெட்டி, கக்கூஸ் கழுவ வாங்கும் ஆசிட்டில் போட வேண்டும். நுரைத்துக்கொண்டு பொங்கும். பொங்கி அடங்கி, இனி எவ்வளவு துத்தநாகம் போட்டாலும் கரையாது என்ற நிலை வந்ததும் அந்தத் தண்ணீரை இறுத்து வைத்துக்கொண்டால், அதுதான் பற்றவைக்கும் திரவம். கோழி இறகால் தொட்டுத் தடவ வேண்டும். கிணற்றடியில் இந்த ரசாயனத்தைச் செய்து முடித்தபோது அம்மாவின் துளசி கருகியிருந்தது. இன்று ‘ஃபிளக்ஸ் பேனா’ என்று ஒன்று வருகிறது. மூடியைத் திறந்து கோடு போட்டால் போதும். துளசிக்கு ஆபத்தில்லை.

உலகத்தில் மாடல் செய்கிற எவரும் முதலில் ஸ்கேலை முடிவுசெய்வார்கள். 87-இல் ஒன்றா, 76-இல் ஒன்றா என்று. எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. வீட்டில் ஒரு உடைந்த சைக்கிள் பம்பு இருந்தது. அதுதான் பாய்லர். பாய்லரின் குறுக்களவு இவ்வளவு என்று பம்பு முடிவுசெய்த பிறகு, மற்ற அளவெல்லாம் பம்புக்குக் கட்டுப்பட்டது. கரியும் தண்ணீரும் ஏற்றிவரும் டெண்டர் டால்டா டின்னை வெட்டி நிமிர்த்தியது. புகைபோக்கி ஒரு பேனாவின் மேல்மூடி. கைப்பிடிக் கம்பி, குண்டூசி. ரிவெட் தலைகள் வேண்டுமே? தகரத்தைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்திலிருந்து தேய்ந்த கிராமஃபோன் ஊசியால் வரிசையாகக் குத்தினால் முன்பக்கம் மணிமணியாக எழும்பும். சக்கரம் மட்டும் லேத்தில்தான் கடைய வேண்டும். பொம்மைக்கு என்று சொன்னால் பட்டறைக்காரர் துரத்திவிடுவார். ஆகவே மோட்டார் பம்பு செட்டுக்கு என்று சொன்னேன். “இவ்ளோ சின்னப் பம்பு எந்த ஊர்லடா?” என்று கேட்டுக்கொண்டே கடைந்து கொடுத்தார்.

நீராவியால் ஓடிய எதையாவது நான் சொந்தமாக வைத்திருந்தேனா என்றால், வைத்திருந்தேன். ஆற்றுத் திருவிழாக் கடையில் விற்ற தகரப் படகு. உள்ளே ஒரு சின்னத் திரி, வாளித் தண்ணீரில் டப் டப் டப் என்று சுற்றும். மேல்நாட்டில் திரியா கரியா என்று ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது என்பது மூர்மார்க்கெட் போனபோதுதான் தெரிந்தது.

மூர்மார்க்கெட்! சென்னை சென்ட்ரல் பக்கத்தில், சிவப்புக் கட்டடம், பழைய புத்தகக் கடைகள். யாரோ ஊருக்குத் திரும்பிய ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எடைக்குப் போட்டதாக இருக்க வேண்டும், ‘மாடல் எஞ்சினியர்’ என்ற பத்திரிகையின் கட்டுகள் கிடைத்தன. 1898-இல் லண்டனில் தொடங்கிய பத்திரிகை. அதில் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் ஒருவர் பல பத்தாண்டுகள் எழுதித் தள்ளியிருந்தார். பேர் கர்லி லாரன்ஸ். முழங்கால் உயரம்கூட இல்லாத எஞ்சினில் நிஜக் கரியைப் போட்டு எரித்து நிஜ மனிதனை இழுக்க முடியாது, ஸ்பிரிட் விளக்குதான் லாயக்கு என்று 1920-களில் பொம்மை ரயில் உலகின் பெரிய தலைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர், முடியும் என்றார். தண்டவாள அகலம் இரண்டரை அங்குலம். அதில் ஓடும் ‘ஆயிஷா’ என்ற எஞ்சினைச் செய்து கொண்டுவந்து, கரி போட்டு, ஆளை உட்காரவைத்து இழுத்தும் காட்டினார். பிறகு அதை எப்படிச் செய்வது என்று வாராவாரம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதினார். பட்டறை இல்லாதவனும் செய்யலாம் என்ற அவருடைய நம்பிக்கை எனக்குப் பிடித்தது. ஆனால் அவர் ‘சாதாரணமாக எல்லார் வீட்டிலும் இருக்கும்’ என்று சொல்கிற சின்ன லேத், என் தெருவில் யார் வீட்டிலும் இல்லை.

அந்த மூர்மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில்களுக்கான நிலையம் நிற்கிறது. ரயில் புத்தகம் தேடிப் போன இடத்தில் இன்று ரயிலே கிடைக்கிறது. குறைசொல்ல வாய் வரவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் வீட்டில் ஒரு பொம்மை ரயில் இருந்ததையும் சொல்ல வேண்டும். ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால், மலேசிய கூஜாவுக்கும் சீனத்துப் பொம்மைக்கும் நடுவில். பூட்டியே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அது ஓடிப் பார்த்ததில்லை. விருந்தாளிகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கலாம். மூச்சுப் படிந்தால் அத்தை துடைத்துவிடுவாள். அப்படிப்பட்ட ஒரு பொருளை ரம்பத்தால் அறுக்கலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அத்தைக்கு நெஞ்சு நின்றிருக்கும். இன்றைக்கு அதைத்தான் செய்கிறேன். வெளிநாட்டு எஞ்சின் ஒன்றை வாங்குவது, அட்டைப்பெட்டியிலிருந்து எடுப்பது, ஓடுகிறதா என்று ஒருமுறை பார்ப்பது, பிறகு மேற்கூட்டைக் கழற்றிப் புகைபோக்கியையும் கேபினையும் அறுத்து எறிவது. சக்கரமும் மோட்டாரும்தான் நமக்கு வேண்டியவை. அவற்றின் மேல் நம் ஒய்.பி.யின் உடம்பைக் கட்டி உட்காரவைத்துவிடலாம். இதற்கு இந்தப் பொழுதுபோக்கில் ‘மாற்றியமைத்தல்’ என்று கௌரவமாகப் பேர். என் மனைவி வேறு பேர் வைத்திருக்கிறாள்.

பக்கத்து பிளாட்டில் ஒரு பையன் இருக்கிறான். மென்பொருள் கம்பெனி வேலை. ஒய்.பி. என்றால் உயிர். அவன் பிறந்தபோது தமிழ்நாட்டில் மலை ரயிலைத் தவிர எங்கேயும் கரி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் பாய்லர் அழுத்தம் 210 பவுண்டு என்பதிலிருந்து டெண்டர் போகியின் வில் வரை அவனுக்கு மனப்பாடம். உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் வந்து, அனுமதி வாங்கியோ வாங்காமலோ எடுத்த போட்டோக்கள் ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறான். அதில் ஒன்றில் எங்கள் ஷெட் தெரிந்தது. நான் ஆளைத் தேடினேன்; அவன் ரிவெட்டை எண்ணினான்.

அவன் கையால் எதையும் வெட்டுவதில்லை. கம்ப்யூட்டரில் வரைவான். ராத்திரி 3டி பிரிண்டரில் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் பசைத் தொட்டியிலிருந்து எஞ்சின் உடம்பு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எழுந்துவரும். ரிவெட், கீல், கைப்பிடித் தாங்கி எல்லாம் கூடவே. நான் கிராமஃபோன் ஊசி கதையைச் சொன்னபோது, “செம அங்கிள், அது ஒரு பிளாகா எழுதுங்க” என்றான். அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று.

“அங்கிள், கேபினுக்கு உள்ளே என்ன கலர்? எல்லா போட்டோவும் பிளாக் அண்ட் ஒயிட்டா இருக்கு. இல்லாட்டி ஒரே இருட்டு.”

“கரி கலர்தான்.”

“அது தெரியும். கீழே என்ன பெயிண்ட்?”

கீழே என்ன பெயிண்ட் என்பதை அந்த எஞ்சினை ஓட்டிய டிரைவர்களும் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இந்த நிறச் சமாசாரத்தில்தான் காலம் நன்றாக விளையாடியிருக்கிறது. ஷெட்டில் கிளீனர்கள் என்று ஒரு பிரிவே இருந்தது. மண்ணெண்ணெயும் காட்டன் வேஸ்ட்டும் வைத்துக்கொண்டு எஞ்சினைத் தேய்ப்பதுதான் வேலை. ராட்டை வெள்ளியாக்குவார்கள், பித்தளைப் பட்டையைத் தங்கமாக்குவார்கள். எஞ்சின் வெளியே போய் ஒரு டிரிப் அடித்துவிட்டு மறுபடி கருப்பாகத் திரும்பிவரும். இன்று மாடல்காரன் பளபளப்பாக வருகிற எஞ்சினை அழுக்காக்குவதற்குக் காசு கொடுக்கிறான். துருப் பொடி, புகைப் பொடி, சாம்பல் பொடி, எண்ணெய் வழிந்த கறை என்று குட்டிக் குட்டி ஜாடிகள். ஒரு ஜாடி விலையில் அந்தக் காலத்தில் ஒரு கிளீனர் வீட்டில் மளிகை வாங்கியிருக்கலாம். பையன் பாய்லரின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்த கறையை மெல்லிய தூரிகையால் ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறான். ஃபிட்டர் மாமா பார்த்திருந்தால் ஒரு கை வேஸ்ட்டை எடுத்து ஒரே துடைப்பில் முடித்திருப்பார்.

அவன் எஞ்சினுக்குள் ஒலி எழுப்பும் சில்லும் உண்டு. குப் குப் என்ற சத்தம் சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து வரும். விசில் அடிக்கும். கரி அள்ளிப் போடும் சத்தம்கூடக் கேட்கும். ஒரே குறை, எல்லாம் ஒரு ஜெர்மன் எஞ்சினிலிருந்து பதிவுசெய்தது. ஒய்.பி.யின் விசில் யாரும் ஒழுங்காகப் பிடித்துவைக்கவில்லை போலிருக்கிறது. ஜெர்மனியில் பிறந்த ஒய்.பி.க்கள் இருந்தன என்று நான் அவனைச் சமாதானப்படுத்தினேன். “விசில் ஜீன்ல வருமா அங்கிள்?” என்று கேட்டுவிட்டான்.

தண்டவாளத்தில் இன்னொரு வேடிக்கை. நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். உலகத்திலேயே அகலமானவற்றில் ஒன்று. 87-இல் ஒன்று என்ற கணக்கில் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த அகலத்தில் கடையில் பாதை கிடைக்காது. கிடைப்பது ஐரோப்பியப் பாதையான பதினாறரை. ஆகவே, நாட்டிலேயே பெருமையாகப் பேசப்படும் டபிள்யூ.பி. மாடல்கள் எல்லாம் கால்களை ஒடுக்கிக்கொண்டு அடுத்தவன் பாதையில் ஓடுகின்றன. வெள்ளைக்காரன் நிலைமையும் ஒன்றும் மெச்சும்படி இல்லை. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் சின்னவை, அன்றைய மோட்டார் அவற்றுக்குள் நுழையவில்லை என்று உடம்பை மட்டும் 76-இல் ஒன்றாகப் பெரிசாக்கிக்கொண்டார்கள். பாதை பழைய பதினாறரையிலேயே நின்றுவிட்டது. அன்று முதல் இன்று வரை அந்த நாட்டு மாடல் ரயில்கள் குறுகிய பாதையில்தான் ஓடுகின்றன. எங்கள் மீட்டர்கேஜுக்கு மட்டும் அதிர்ஷ்டம். 87-இல் ஒன்றுக்குப் பதினொன்றரை மில்லிமீட்டர் வருகிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர் பாதை கடையில் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டரை யார் பார்க்கப்போகிறார்கள்? பையன் பார்க்கிறான். ஆனால் சொல்வதில்லை.

பிரிண்டரால் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் அவன் என் கதவைத் தட்டுவான். ராடுகள். பசையில் அச்சடித்த ராடு நாலு சுற்றுக்கு மேல் தாங்காது, ஒடிந்துவிடும். உலோகத்தில்தான் செய்ய வேண்டும். அதுவும் அசைகிற மாதிரி.

எஞ்சினின் பக்கவாட்டில் நடனமாடுகிறதே, அந்த ராடுகளின் ஏற்பாட்டை 1844-இல் பெல்ஜியத்துக்காரர் எகிட் வால்ஷார்ட்ஸ் வடிவமைத்தார். எக்சென்ட்ரிக் ராடு, எக்ஸ்பான்ஷன் லிங்க், ரேடியஸ் ராடு, காம்பினேஷன் லீவர். சிலிண்டருக்குள் எப்போது நீராவி போக வேண்டும், எவ்வளவு போக வேண்டும், முன்னோக்கியா பின்னோக்கியா என்று தீர்மானிப்பது இந்தக் கூட்டம். 87-இல் ஒன்றில் ஒவ்வொன்றும் தீக்குச்சியை விட மெலிது. நிக்கல் சில்வர் தகட்டில் இரண்டை ஒன்றாக ஒட்டிவைத்து ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு, அரை மில்லிமீட்டர் டிரில்லால் துளை போடுவேன். ஒன்றாக ஒட்டிச் செய்தால்தான் இடது வலது இரண்டும் ஒரே நீளமாக வரும். பிறகு மூட்டு. ஒரு குண்டூசியை இரண்டு ராடுகளின் துளைகளிலும் பின்னாலிருந்து நுழைக்க வேண்டும். நடுவில் எண்ணெயில் நனைத்த சிகரெட் தாளைத் துளிப் போட வேண்டும். ஊசியின் முனையில் சாலிடரை ஒரு நொடி காட்ட வேண்டும். எண்ணெய்த் தாள் இருப்பதால் சாலிடர் அந்தப் பக்கம் போகாது. ஊசியை வெட்டி, அரம் போட்டு, தாளைக் கிழித்து எடுத்தால் மூட்டு விரல் மடங்குவது போல மடங்கும். நொடி ஒன்று கூடினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு கம்பியாகிவிடும். ஈயம் பூசுகிறவரின் இரண்டு விதிதான் இங்கேயும்.

சக்கரங்களை அச்சில் பொருத்துவதிலும் ஒரு சூட்சுமம். இடப்பக்கத்துக் கிராங்க் மேலே நிற்கும்போது வலப்பக்கத்துக் கிராங்க் பக்கவாட்டில் நிற்க வேண்டும், தொண்ணூறு டிகிரி. அசல் எஞ்சினில் இப்படி வைத்ததற்குக் காரணம், ஒருபக்கத்துப் பிஸ்டன் தள்ள முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் மறுபக்கம் தள்ளிவிடும். மாடலில் இது மூன்று அச்சுக்கும் ஒரே மாதிரி அமையாவிட்டால் எஞ்சின் நொண்டும். தொண்ணூறுக்குப் பதில் எண்பத்தெட்டாக இருந்தாலும் பரவாயில்லை; மூன்றும் எண்பத்தெட்டாக இருந்தால் சரி.

இத்தனையும் செய்து ஓடவிட்டால், உண்மையில் இந்த ராடுகள் ஒரு வேலையும் செய்வதில்லை. அசலில் நீராவி பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ராடைத் தள்ளும், ராடு சக்கரத்தைச் சுற்றும். மாடலில் மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் ராடை ஆட்டுகிறது. ராடு பிஸ்டனை இழுத்துக்கொண்டு அலைகிறது. மோட்டாரை டெண்டரில் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கரிவண்டி எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போகும். இதைப் பையனிடம் சொன்னேன். “எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் அங்கிள்” என்றான்.

அசலுக்கும் நகலுக்கும் இருந்த வித்தியாசம் இப்போது பெரிய இடங்களிலேயே கலங்கிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ஏறும் எக்ஸ் வகை எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்தார்கள். 1914-இல் தொடங்கி 1952 வரை தவணை தவணையாக வந்தவை. பல்சக்கரத்தால் தண்டவாளத்தின் நடுப்பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறும். கிழடாகிவிட்டன, புதிதாக வாங்கலாம் என்றால் விற்க ஆளில்லை. கடைசியில் திருச்சி பொன்மலைப் பணிமனையே பழைய எஞ்சினை மாதிரியாக வைத்துக்கொண்டு, பாய்லரிலிருந்து ராடு வரை புதிதாகச் செய்து 2011-இல் ஒன்றை மலைக்கு அனுப்பியது. எண் 37395. கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்படி மாற்றியமைத்தது. சென்னை பெரம்பூர் பணிமனை அதற்கு முந்தைய ஆண்டே, 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் பிறந்து நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்ற ஈ.ஐ.ஆர். 21-ஐ மீண்டும் ஓடவைத்துவிட்டது. டீசலும் மின்சாரமும் பார்க்க வேண்டிய பணிமனைகளில் கரி எஞ்சினைத் தட்டி, கடைந்து, ஒட்டிக்கொண்டு சிலர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? நான் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். ஸ்கேல் மட்டும் ஒன்றுக்கு ஒன்று.

அந்தப் பொன்மலைக்காரர்களிடம் அளந்து பார்க்கப் பழைய எஞ்சின் கையில் இருந்தது. எங்களிடம் அதுவும் இல்லை. பீடத்தில் நிற்கும் சில எஞ்சின்களும் ஆண்டுக்கொரு எனாமல் பூச்சில் ரிவெட் தெரியாமல் உருண்டு திரண்டு நிற்கின்றன. சில சின்னப் பாகங்கள் எப்போதோ கழன்று போய்விட்டன. மரபுச்சின்னம் அல்லவா, சிவப்பும் பச்சையும் வெள்ளியுமாகக் கல்யாண வீட்டு அலங்காரம் வேறு. பையனும் நானும் இப்போது ஒய்.பி. டெண்டரின் பின்பக்க ஏணி எத்தனை படி, எந்த உயரத்தில் முடிகிறது என்பதற்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். போட்டோக்கள் எல்லாம் முன்பக்கத்திலிருந்துதான். எடுத்தவர்கள் எல்லாரும் அழகி முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆகவே ரயில்வேக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். விழுப்புரம், மதுரை, திருச்சி, எந்த ஊராக இருந்தாலும் சரி, ஷெட்டிலோ பணிமனையிலோ வேலை பார்த்த தாத்தாவோ அப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால் பரண்மேல் ஏறிப் பாருங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த தாளைப் புரட்டுங்கள். நீலத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சென்னையிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து, உங்கள் தெருவில் மாடல் செய்கிற பைத்தியம் யாராவது இருந்தால் அவனிடமும் ஒன்று கொடுங்கள். டெண்டர் ஏணியாக இருந்தால் உடனே கொடுங்கள்.